வைன் லேபலில் இருப்பது விளம்பரமா, சட்டமா?

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு வைன் போத்தலைச் சுற்றி வைத்துக் கொண்டுவருவது யாழ்ப்பாணத்துக்குப் புதினமில்லை. போத்தல் மேசைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது விலை. லேபலை யாரும் வாசிப்பதில்லை. அது பிரெஞ்சில் இருப்பது ஒரு காரணம். அதில் இருப்பதெல்லாம் விளம்பரம்தானே என்ற நினைப்பு இன்னொரு காரணம். உண்மையில் அந்தச் சின்னக் காகிதத்தில் பெரும்பகுதி சட்டம். எந்த ஊரின் பெயரைப் போடலாம், எந்த ஆண்டைப் போடலாம், சில சொற்களை யார் போடலாம், யார் போடக்கூடாது என்பதெல்லாம் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டவை. மிச்சம்தான் விளம்பரம். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி, சின்ன எழுத்தில் இருப்பதை விட்டுவிடுவோம். வைனில் அநேகமாகச் சின்ன எழுத்துத்தான் உண்மை பேசும்.

அடிப்படையிலிருந்து வருவோம். வைன் என்றால் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறது: புதிய முந்திரிகைப் பழத்தையோ அதன் சாற்றையோ புளிக்கவைத்து மட்டுமே பெறப்படுவது. (நாங்கள் முந்திரிகை என்பதைத்தான் தமிழ்நாட்டு வாசகர் திராட்சை என்பார்கள்.) அதில் மதுசாரம் பொதுவாக 8.5 அல்லது 9 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எந்த அளவு என்பது பிரதேசத்தைப் பொறுத்தது. நெல்லியிலோ அன்னாசியிலோ செய்தால் அங்கே வெறுமனே ‘வைன்’ என்று விற்க முடியாது, பழத்தின் பெயரும் சேர்ந்து வரவேண்டும்.

இதே விதியை இதைவிடப் பழைய ஒரு சட்டத்தின் வழியாக யாழ்ப்பாணத்தில் பலர் அறிவார்கள். கத்தோலிக்கப் பூசையில் பயன்படும் இரசம் முந்திரிகையிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் சட்டம் சொல்கிறது. தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லி இரசம் எங்கள் வீடுகளில் பேர்பெற்றது, ஆனால் பீடத்தில் அதை வைக்க முடியாது. அங்கே முந்திரிகை இரசம் மட்டும்தான்.

அந்த ஐரோப்பிய வரையறையில் ‘புதிய’ என்ற சொல் ஏன் வந்தது? அதற்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்ற நுண்ணிய பூச்சி பிரான்சின் முந்திரிகைக் கொடிகளை வேரிலேயே தாக்கத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. வைன் குறைந்தது, குடிப்பவர்கள் குறையவில்லை. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? உலர்ந்த முந்திரிகை வற்றலை இறக்குமதி செய்து தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவைத்தார்கள். பிழிந்த சக்கையில் சீனியும் தண்ணீரும் ஊற்றி இரண்டாந்தரம் மூன்றாந்தரம் எடுத்தார்கள். எல்லாம் ‘வைன்’ என்ற ஒரே பெயரில் சந்தைக்கு வந்தது. 1889இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, புதிய பழத்தைப் புளிக்கவைத்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று தீர்த்தது.

சட்டம் வந்தால் கள்ளம் நின்றுவிடுமா? 1907இல் தெற்குப் பிரான்சின் லாங்டொக் பகுதியில் தோட்டக்காரர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். நல்ல வைன் செய்தவனின் பீப்பாய் விலைபோகாமல் கிடக்க, சீனித் தண்ணீர் வைன் விற்றுத் தீர்ந்தால் வேறென்ன செய்வது? மொன்பெலியே நகரத்தில் ஜூன் மாதம் கூடிய கூட்டம் பல இலட்சம். நார்போனில் படையினர் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அதே மாத இறுதியில், வைனில் தண்ணீர் கலப்பதையும் சீனி சேர்ப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. வைன் சட்டம் என்றதும் பணக்கார இரசிகர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வருடத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். இது தோட்டக்காரனின் வயிற்றுப் பிரச்சினையில் பிறந்த சட்டம்.

அடுத்த சண்டை ஊர்ப் பெயருக்கு. 1911இல் ஷம்பெய்ன் மாகாணத்துத் தோட்டக்காரர்கள் வியாபாரிகளின் களஞ்சியங்களை உடைத்தார்கள், தீ வைத்தார்கள். வெளி மாகாணங்களில் மலிவாக வாங்கிய பழத்தைக் கொண்டுவந்து, ஷம்பெய்ன் என்ற பெயரில் விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பழம் எதுவென்பதோடு, எந்த மண்ணில் விளைந்தது என்பதும் சட்டத்தின் கேள்வியானது இப்படித்தான்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இத்தாலியில் தொஸ்கானாவின் ஆட்சியாளர் மூன்றாம் கொசிமோ 1716இலேயே கியாந்தி பிரதேசத்துக்கு எல்லை வரைந்துவிட்டார். போர்த்துக்கலில் பொம்பால் பிரபு 1756இல் டூரோ பள்ளத்தாக்கைப் பிரித்து, போர்ட் வைனுக்கு உரிய நிலம் இதுதான் என்று அறிவித்தார். அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எல்டர் என்ற செடியின் கறுத்தப் பழத்தை வைனில் போட்டுச் சிவப்பைக் கூட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. கலக்காதே என்று சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தச் செடியையே பிடுங்கி எறியச் சொன்னார்.

இன்றைய முறை உருவான இடம் பிரான்சின் ஷாத்தோநெஃப் டு பாப் என்ற ஊர். 1920களில் அங்கே பரோன் லெ ருவா என்ற தோட்டக்காரர் (அவர் சட்டமும் படித்தவர்) ஊராரைச் சேர்த்துத் தங்களுக்குத் தாங்களே விதி எழுதினார். எந்த நிலம் இந்த ஊர் வைனுக்கு உரியது? லவெண்டரும் தைம் என்ற வாசனைச் செடியும் விளையக்கூடிய வறண்ட நிலம். என்னென்ன இனக் கொடிகளை நடலாம், கொடியை எப்படிக் கத்தரிக்கவேண்டும், மதுசாரம் எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. பறித்த பழத்தில் நல்லதல்லாததைப் பொறுக்கி ஒதுக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். இன்றைக்கும் அந்த ஊர் வைனில் 12.5 சதவீத மதுசாரமாவது இருக்கவேண்டும். ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 3,500 லீற்றருக்கு மேல் எடுக்கக்கூடாது. கூட எடுத்தால் கொடியின் சத்துப் பங்குபட்டு வைன் தண்ணீராகிவிடும் என்பது கணக்கு. சும்மா சொல்லி வைக்கிறேன்: இதே ஊரின் மேயர் 1954இல் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கத் தடை போட்டார். விதி எழுதுவதில் அந்த ஊராருக்கு ஒரு தனி ருசி.

1935இல் பிரான்ஸ் இந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்து, அதை நடத்த ஒரு தேசிய நிறுவனத்தையும் அமைத்தது. சித்தப்பாவின் போத்தலில் ‘அப்பெலாசியோன்’ என்று தொடங்கி ‘கொந்த்ரோலே’ என்றோ ‘புரொத்தெஜே’ என்றோ முடியும் வரி அதுதான். நடுவில் இருப்பது இடத்தின் பெயர். முதற் தொகுதி 1936இல் அங்கீகரிக்கப்பட்டது. ஷாத்தோநெஃப் டு பாப் அதில் ஒன்று.

இங்கே பலர் குழம்பும் ஒரு விசயத்தை எங்கள் மாம்பழத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கறுத்தக்கொழும்பான் என்பது இனம். அதை அனுராதபுரத்தில் நட்டாலும் கறுத்தக்கொழும்பான்தான். ‘யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான்’ என்று சொல்லி விற்கும்போதுதான் மண்ணையும் சேர்த்து விற்கிறீர்கள். கொழும்புச் சந்தையில் அந்த முதற் சொல்லைப் போட்டு எதையும் விற்கலாம், தடுக்க ஆளில்லை. வைன் சட்டம் தடுப்பது அதைத்தான். ஷார்டனே, மெர்லோ, பினோ நுவார் என்பவை இனங்கள். உலகில் எவரும் நட்டு எவரும் எழுதலாம். போர்தோ, ஷாப்லி, கியாந்தி என்பவை ஊர்கள். அந்த ஊரில், அந்த விதிப்படி செய்தவரைத் தவிர வேறொருவர் ஐரோப்பாவில் அந்தப் பெயரைத் தொட முடியாது. ஐரோப்பியப் போத்தல்கள் பலவற்றில் பழ இனமே எழுதியிருக்காது. ஷாப்லி என்றால் ஷார்டனே மட்டும்தான் என்று விதியிலேயே இருக்கும்போது எழுத என்ன இருக்கிறது?

பிரான்சின் பூர்கோன் பிரதேசத்தில் இந்த ஊர்ப் பெயர் விளையாட்டு உச்சத்துக்குப் போகும். வட்டம் சின்னதாகச் சின்னதாக மதிப்புக் கூடும். முழுப் பிரதேசத்திலும் எங்கு விளைந்ததானாலும் ‘பூர்கோன்’. அதற்குள் ஒரு கிராமம்: ‘ஜெவ்ரே ஷாம்பெர்த்தன்’. கிராமத்துக்குள் நல்ல காணிகளுக்கு ‘பிரெமியே குரூ’ தரம். எல்லாவற்றுக்கும் மேலே ‘ஷாம்பெர்த்தன்’ என்ற ஒற்றைக் காணி. அது ‘கிரான் குரூ’. பெயர் நீளமாக இருந்தால் பெரிய வைன் என்று நினைப்பது பிழை. ஊரின் பழைய பெயர் வெறும் ஜெவ்ரேதான். 1847இல் தன் பேர்பெற்ற காணியின் பெயரைத் தன் வாலில் கட்டிக்கொண்டது. இரண்டு லேபலுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். விலையில் பல மடங்கு.

எல்லா நாடும் இடத்தையே பிடித்துக்கொள்ளவில்லை. ஜேர்மனியின் 1971ஆம் ஆண்டுச் சட்டம், பறிக்கும்போது பழத்தில் இருந்த இனிப்பை அளந்து தரம் பிரித்தது. கபினெட், ஸ்பெட்லேஸே, அவுஸ்லேஸே என்று ஏறுவது அந்த வரிசை. 2021க்குப் பிறகு அவர்களும் இடத்தின் பக்கம் திரும்புகிறார்கள். அமெரிக்காவில் எல்லை மட்டும் உண்டு. அந்த எல்லைக்குள் எந்த இனத்தையும் நடலாம், எவ்வளவும் எடுக்கலாம். 1980இல் முதல் எல்லை கிடைத்தது கலிபோர்னியாவின் பேர்பெற்ற நாப்பாவுக்கு அல்ல, மிசூரி மாநிலத்தின் ஒகஸ்டா என்ற ஊருக்கு. லேபலில் அந்த எல்லைப் பெயரைப் போட 85 சதவீதப் பழம் அங்கிருந்து வரவேண்டும். ஓர் இனத்தின் பெயரைப் போட அமெரிக்காவில் 75 சதவீதம், ஐரோப்பாவில் 85. ஆக, ‘மெர்லோ’ என்று கொட்டை எழுத்தில் போட்ட அமெரிக்கப் போத்தலில் காற்பங்கு வேறு பழமாக இருக்கலாம். அது கலப்படமில்லை, சட்டம் விட்ட இடம்.

சரி, இவ்வளவு விதியும் இருந்தால் வைன் நன்றாகத்தான் இருக்குமா? இல்லை. சட்டம் பெயருக்குப் பொறுப்பு, ருசிக்கு இல்லை. இதற்கு இத்தாலியின் சசிக்காயா என்ற வைனை விட நல்ல உதாரணம் கிடையாது. தொஸ்கானாவின் கடற்கரைப் பக்கமாக போல்கெரியில், போர்தோவின் கபெர்னே இனத்தை நட்டு ஒரு குடும்பம் வைன் செய்தது. அந்த இடத்துச் சிவப்பு வைனுக்கு விதியில் இடமே இல்லை. அதனால் லேபலில் போட முடிந்தது ‘மேசை வைன்’ என்ற ஆகக் கீழ்த்தரம். ஆனால் உலகம் முழுக்க அதைத் தேடி வாங்கினார்கள், மேற்தரத்துப் போத்தல்களை விடக் கூடிய விலைக்கு. கடைசியில் 1994இல் வளைந்து கொடுத்தது சட்டம்.

அதே இத்தாலியில் 1986இல் நடந்தது மறுபக்கம். மலிவு வைனின் வீரியத்தைக் கூட்ட மெதனோல் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். கசிப்பில் மெதனோல் என்ன செய்யும் என்று எங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தின வருடம் ஒஸ்திரியாவில் இன்னொரு கூத்து: வைனுக்கு இனிப்பும் கனதியும் தர டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனம் கலந்தது பிடிபட்டது. அதில் ஒருவரும் சாகவில்லை, ஆனால் ஒஸ்திரிய வைன் ஏற்றுமதி படுத்துவிட்டது. சில மாதங்களுக்குள் ஐரோப்பாவிலேயே ஆகக் கடுமையான வைன் சட்டங்களில் ஒன்றை அந்த நாடு இயற்றியது. அவர்களின் தர வைன் போத்தலின் மூடியில் இன்றைக்கும் சிவப்பு வெள்ளை சிவப்புப் பட்டி இருக்கும். லேபலில் அரசு பரிசோதித்த இலக்கமும் இருக்கும்.

இனி போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘13% வொல்’ என்பது மதுசார அளவு. ஐரோப்பாவில் இது அரைச் சதவீதம் அங்கே இங்கே இருக்கலாம். அமெரிக்காவில் 14 சதவீதத்துக்கு உட்பட்ட வைனுக்கு ஒன்றரைச் சதவீதம் வரை விட்டுக்கொடுப்பார்கள், 12.5 என்று போட்டிருந்தால் உள்ளே 11ஆகவும் இருக்கலாம், 14ஆகவும் இருக்கலாம். ‘எல்’ என்ற எழுத்தோடு ஓர் இலக்கம் இருந்தால் அது தொகுதி இலக்கம். ஏதாவது பிழை என்றால் அந்தத் தொகுதியை மட்டும் திருப்பி எடுக்க. கர்ப்பிணிப் பெண்ணின் உருவத்தின் குறுக்கே கோடு போட்ட சின்னமோ, அதையே சொல்லும் எச்சரிக்கை வரியோ பிரான்சில் 2007 முதல் கட்டாயம். ‘சல்பைட்டு உண்டு’ என்ற வரியைக் கண்டு பயப்படவேண்டாம். வைன் கெடாமல் இருக்கக் கந்தகப் புகைச் சேர்மானம் போடுவது பழைய வழக்கம். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே எழுதவேண்டும் என்பது விதி, புளிக்கும்போது தானாகவே அந்த அளவு வந்துவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் உச்ச அளவு சாதாரண சிவப்புக்கு 150, வெள்ளைக்கு 200. இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் மட்டும் கவனிக்கவேண்டிய வரி அது.

சைவக்காரர்கள் கவனிக்கவேண்டியது வேறு. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பாற்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் பயன்படும். முட்டையும் பாலும் மிச்சமாக அதில் இருந்தால் ஐரோப்பியச் சட்டப்படி எழுதியாகவேண்டும். மீன் பசைக்கு விலக்கு. ஆக, லேபலில் மீன் இல்லை என்பதால் மீன் தொடவில்லை என்றாகாது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு செய்த வைனில் சேர்மானப் பட்டியலும் சத்து விபரமும் தரவேண்டும். அனேகர் அதைக் கியூஆர் குறியில் போட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் சட்டம். இனி விளம்பரம். ‘ரிசேர்வ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ‘ரெசெர்வா’ என்று போட்ட சிவப்பு வைன் மூன்று வருடம் கிடந்திருக்கவேண்டும், அதில் ஒரு வருடமாவது மரப் பீப்பாயில். அமெரிக்காவிலோ அதே சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பொருளும் இல்லை. நேற்றுச் செய்ததற்கும் போடலாம். ‘பழைய கொடி’ என்று பிரெஞ்சில் போட்டிருந்தால் எத்தனை வயது என்று கேட்கச் சட்டத்தில் வழியில்லை. ‘கிரான் வன்’ (பெரிய வைன்) என்ற தங்க எழுத்தும் அப்படித்தான். ‘ஷாத்தோ’ (மாளிகை) என்பதற்கு மட்டும் கொஞ்சம் பொருள் உண்டு: பழம் அந்தத் தோட்டத்திலேயே விளைந்ததாக இருக்கவேண்டும். படத்தில் இருக்கும் மாளிகை உண்மையிலேயே இருக்கவேண்டும் என்றில்லை.

இந்த ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு 1994இல் உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து உடன்படிக்கைக்குள் வந்தது. அதன் 23ஆம் உறுப்புரை வைனுக்கும் வடிமதுவுக்கும் தனிச் சலுகை கொடுக்கிறது. ‘ஷம்பெய்ன் வகை’, ‘ஷம்பெய்ன் மாதிரி’ என்று போடுவதும் கூடாது. தேயிலைக்கும் கறுவாவுக்கும் அவ்வளவு இறுக்கமான காவல் அதில் இல்லை. பேரம் பேசியது யார் என்று இதிலிருந்தே விளங்கும். ஆனாலும் 2022இல் ‘சிலோன் சினமன்’ ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகி, அந்த வகையில் இலங்கையின் முதற் பெயராயிற்று. யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கு அப்படி ஒரு பெயர் எடுக்கவேண்டுமென்றால் முதல் வேலை பத்திரம் நிரப்புவதல்ல. எந்த இனம், எந்தக் கிராமத்துச் செம்மண், எத்தனை விளைச்சல் என்று தோட்டக்காரரே உட்கார்ந்து ஒத்துக்கொள்ளவேண்டும். எங்கள் வெயிலில் கத்தரித்துவிட்டால் கொடி ஒரு வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும். ஐரோப்பியர் லேபலில் போடும் ‘அறுவடை ஆண்டு’ இங்கே என்ன ஆகும் என்பதும் யோசிக்கவேண்டியது.

இப்போதைக்கு இலங்கையில் வைனை ஆள்வது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பெயரிலேயே வரி இருக்கிறது, அதன் குணமும் அதுதான். பிரெஞ்சுச் சட்டம் எங்கே விளைந்தது என்று கேட்கும். எங்கள் சட்டம் எவ்வளவு மதுசாரம், வரி கட்டியதா, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்கும். தவறணையில் விற்கும் கள்ளும், பனஞ்சாராயம் வடிக்க அமைத்த திக்கம் வடிசாலையும், கடையில் விற்கும் சிலி நாட்டு வைனும் எல்லாம் இந்த ஒரே கூரையின் கீழ்தான். தனிப்பனைக் கள்ளு என்று சொல்லித் தந்தால் அது உண்மையில் தனிப்பனையா என்று பார்க்க எந்த உத்தியோகத்தரும் வரமாட்டார், அது குடிப்பவரின் நாக்குக்கும் சீவுபவரின் நேர்மைக்கும் விட்டது. உத்தியோகத்தர் பார்ப்பது போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஒட்டி இருக்கிறதா என்பதை. அத்தோடு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, மதுபானத்துக்கு விளம்பரமும் செய்யக்கூடாது. போயா தினத்தில் கடை பூட்டு.

வீட்டுப் பந்தலில் காய்க்கும் முந்திரிகையைப் பிழிந்து, நத்தாருக்கு நாலு போத்தல் செய்து விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வதும் விற்பதும் அந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். பழம் புதியதா, வற்றலா, எந்த ஊரில் விளைந்தது என்றெல்லாம் அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.